ஃப்ரீசரைத் தூக்கிச் சென்ற நகர மன்றம்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் கடலோர ஊரான மார்கேட்டில் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று தெருவோவியர் பேங்க்ஸியின் சுவரோவியம் ஒன்று வெளிப்பட்டதையும், சில மணி நேரத்துக்குள் அதன் பகுதியாக இருந்த ஃப்ரீசரை உள்ளூர் மன்றத்தின் ஆட்கள் எடுத்துச் சென்றதையும் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். மக்கள் விரும்பும் தெருவோவியங்களை நகர மன்றங்கள் அகற்றுவது குறித்து, அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே விடை பெறுகின்றன.

கேள்வி: உலகமே அறிந்த ஓவியரின் படைப்பு என்று தெரியாமலா அந்த ஃப்ரீசரைத் தூக்கிச் சென்றார்கள்? நம்பும்படியாக இல்லையே! (வாசகி, கோயம்புத்தூர்)

எந்த ஊராக இருந்தாலும் சரி, நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் ஒரு நாள் காலை முழுதும் உட்கார்ந்து பார்த்தவருக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கும். அந்தச் சுவரில் வரையப்பட்டிருந்தவள் 1950-களின் இல்லத்தரசியைப் போல நீல ஏப்ரனும், பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையும் அணிந்த ஒரு பெண். ஒரு கண் வீங்கியிருக்கிறது, ஒரு பல்லைக் காணோம், ஆனாலும் சிரிக்கிறாள். தன்னை அடித்த கணவனை ஒரு ஃப்ரீசருக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஆணின் கால்கள் சுவரில் வரையப்பட்டவை. ஃப்ரீசரோ நிஜமானது, யாரோ தெருவில் கழித்துப் போட்டதைப் போன்ற பழைய வெள்ளைப் பெட்டி. அருகில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் கிடந்தது. காதலர் தினத்தன்று குடும்ப வன்முறையைப் பற்றி ஓவியர் சொல்ல வந்த சேதியில் பாதி, அந்த ஓட்டைப் பெட்டியில்தான் இருந்தது.

ஆனால் துப்புரவு வண்டியில் வந்திறங்குகிறவர் சுவரைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார். தெருவில் கைவிடப்பட்ட ஃப்ரீசர் என்பது சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட குப்பை. அது மட்டுமன்றி, விளையாட்டாக உள்ளே புகும் குழந்தை சிக்கிக்கொண்டு மூச்சு முட்டி இறக்கக்கூடும் என்பதால், உடனே அப்புறப்படுத்த வேண்டிய பொருளும்கூட. தானெட் மாவட்ட மன்றம் சொன்ன விளக்கமும் பாதுகாப்பைப் பற்றியதே. பெட்டி கிடங்கில் பத்திரமாக இருக்கிறது, ஆபத்தில்லாதபடி சரிசெய்த பிறகு திருப்பி வைக்கப்படும் என்று அது அறிவித்தது. விதிப்படி பார்த்தால், இதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை.

விதிப்படி எல்லாம் சரியாக நடந்து, முடிவு மட்டும் அபத்தமாகிப்போவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம், 2014-இல் கிளாக்டன்-ஆன்-ஸீ என்ற ஊரில் நடந்தது. அங்கே கடற்கரையையொட்டிய ஒரு கட்டடச் சுவரில் ஐந்து சாம்பல் நிறப் புறாக்கள் தோன்றின. 'குடியேறிகளுக்கு இங்கே இடமில்லை', 'ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போ', 'எங்கள் புழுக்களைத் தொடாதே' என்று எழுதிய அட்டைகளை ஏந்திக்கொண்டு, சற்றுத் தள்ளித் தனியே உட்கார்ந்திருக்கும் பச்சை வண்ணப் பறவை ஒன்றை அவை முறைத்துக்கொண்டிருந்தன. அக்டோபர் 9 அன்று நடக்கவிருந்த இடைத்தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புப் பேச்சு சூடேறியிருந்த ஊர் அது. படம் யாரைக் கேலி செய்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். இருந்தும், இது இனவெறியைத் தூண்டுகிறது என்று டென்ட்ரிங் மாவட்ட மன்றத்துக்கு ஒரு புகார் வந்தது. ஊழியர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். சிலர் மனம் புண்படக்கூடும் என்று ஒப்புக்கொண்டார்கள். இத்தகையவற்றை 48 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்ற தங்கள் விதியின்படி அகற்றிவிட்டார்கள். அதன் பிறகே பேங்க்ஸி தம் வலைத்தளத்தில் படத்தை வெளியிட்டு, அது தம்முடையது என்று உறுதிசெய்தார். 'பொருத்தமான' பேங்க்ஸி ஓவியம் ஒன்று தங்கள் கடற்கரையில் அமைந்தால் மகிழ்ச்சியோடு வரவேற்போம் என்று மன்றம் பின்னர் தெரிவித்ததைப் படித்து நான் சற்று நேரம் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இதில் முட்டாள்தனத்தைத் தேடுவதைவிட, அலுவலகம் இயங்கும் முறையைக் கவனிப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. சுவரோவியம் பிடிக்காதவர் மன்றத்துக்குப் புகார் எழுதுகிறார். அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணை முடித்து வைக்க ஒருவர் சம்பளம் பெறுகிறார், ஒரு கெடுவும் இருக்கிறது. பிடித்தவரோ நின்று பார்க்கிறார், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார், பேருந்தைப் பிடிக்கப் போய்விடுகிறார். 'உங்கள் எல்லைக்குட்பட்ட இந்தச் சுவர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, தயவுசெய்து ஒன்றும் செய்யாதீர்கள்' என்று விண்ணப்பம் எழுதுகிறவர் எந்த ஊரிலும் கிடையாது. எழுதினாலும் அதைச் சேர்க்க ஒரு கோப்பு கிடையாது. ஊரார் எவ்வளவு நேசித்தார்கள் என்பது அழித்த மறுநாள்தான் மன்றத்துக்குத் தெரியவருகிறது. ஏனென்றால் அன்றைக்குத்தான் நேசிப்பவரும் புகார்தாரராக மாறுகிறார்.

கேள்வி: பேங்க்ஸி என்பவர் உண்மையில் யார்? (வாசகர், ஈரோடு)

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வரையத் தொடங்கியவர். தம் பெயரைத் தாமாக வெளியிடாதவர். மற்றவை ஊகங்கள். அவற்றுக்கு இந்தப் பகுதியில் இடமில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியன். அனுமதி இல்லாமல் வரைந்ததை அழிப்பது மன்றத்தின் கடமை. பேங்க்ஸிக்கு ஒரு நியாயம், எங்கள் தெரு விடலைப் பையனுக்கு ஒரு நியாயமா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

தங்கள் வாதத்தையே லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் 2008-இல் முன்வைத்தது. நியூமன் தெருவில், கண்காணிப்பு கேமரா ஒன்றின் பக்கத்திலேயே, கேமராக்களால் ஆளப்படும் நாடு என்று கேலி செய்யும் வாசகத்தை மூன்று மாடி உயரத்தில் பேங்க்ஸி எழுதியிருந்தார். இதை அனுமதித்தால் கையில் வண்ணப் புட்டி வைத்திருக்கும் எந்தச் சிறுவனும் கலைஞன் ஆகிவிடுவான் என்று காரணம் காட்டி மன்றம் அதை அகற்ற முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு அது மறைக்கப்பட்டது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அந்த முடிவில் நேர்மை இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். யார் வரைந்தது என்று தெரிந்தே, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எடுத்த முடிவு அது.

அகற்றியே தீர வேண்டிய ஓவியமும் உண்டு. 2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பேங்க்ஸி வரைந்தபோது, கோர்ல்ஸ்டனில் வரைந்த படத்தில் காற்றடைத்த படகிலிருந்து குழந்தைகள் மேலே வீசப்படுவதாகக் காட்டியிருந்தார். அதே ஊர்க் கடற்கரையில் 2018-இல் காற்றடைத்த விளையாட்டுச் சாதனம் ஒன்று வெடித்ததில் தூக்கியெறியப்பட்டு ஒரு சிறுமி இறந்திருந்தாள். ஓவியருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஊருக்குத் தெரியும். கிரேட் யார்மத் மன்றம் அந்தப் படத்தை மறைத்தது. அந்தக் குடும்பம் தினமும் கடந்துபோகக்கூடிய சுவர் அது என்று எண்ணிப் பார்த்தால், கலையின் பெயரால் எதிர்த்துப் பேச எனக்கு நா எழவில்லை.

ஆனால் ஹாக்னி மன்றம் 2009-இல் செய்ததைத் தங்களைப் போன்ற அனுபவசாலி நியாயப்படுத்துவாரா என்று அறிய விரும்புகிறேன். லண்டனின் ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில், மாடத்தில் நின்று கையசைக்கும் அரச குடும்பத்தைக் கேலியாகக் காட்டும் பேங்க்ஸி ஓவியம் ஒரு கட்டடச் சுவரில் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. புகழ்பெற்ற இசைக்குழு ஒன்றின் 2003-ஆம் ஆண்டு இசைத்தட்டின் அட்டைப்படமாகவும் அது வந்திருக்கிறது. கட்டட உரிமையாளர் அதை அழிக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றே விரும்பினார். சுவரைச் சுத்தம் செய்யுமாறு மன்றம் அனுப்பிய கடிதங்களோ பதிவேட்டிலிருந்த தவறான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன, பதில் வரவில்லை. எனவே மன்றத்தின் ஆட்கள் கறுப்பு வண்ணத்தோடு வந்தார்கள். உரிமையாளர் ஓடிவந்து தடுப்பதற்குள் படத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எது கலை, எது கிறுக்கல் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று, தெருவைச் சுத்தமாக வைப்பதே எங்கள் வேலை என்பது மன்றத்தின் விளக்கம்.

தங்கள் தெருப் பையனுக்கும் ஒரே நியாயம்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அந்த நியாயம், சுவருக்குச் சொந்தக்காரரை நேரில் போய் ஒரு வார்த்தை கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

கேள்வி: தெருச் சுவரில் வரைந்த ஓவியம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? அழிப்பதைத் தடுக்க ஓவியருக்கு உரிமை உண்டா? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2015-இல் தெளிவான விடை சொன்னது. முந்தைய ஆண்டு ஃபோக்ஸ்டோன் நகரில், வெறும் பீடம் ஒன்றைக் காதில் ஹெட்ஃபோனோடு பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பேங்க்ஸி வரைந்திருந்தார். கட்டடத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனம், சுவரைப் பழுதுபார்ப்பது குத்தகைதாரரின் பொறுப்பு என்று காரணம் சொல்லி, ஓவியம் இருந்த பகுதியையே பெயர்த்து எடுத்து விற்பதற்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. பழுதுபார்ப்பதற்குச் சுவரை அறுத்தெடுக்கத் தேவையில்லை என்றும், கட்டடத்திலிருந்து பிரிந்த துண்டு நில உரிமையாளருக்கே சேரும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரைந்தவர் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓவியரின் உரிமை என்று வரும்போது அமெரிக்கா ஒரு படி முன்னே நிற்கிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்று பெயர் பெற்ற பழைய தொழிற்சாலை வளாகத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடேயே பல ஆண்டுகளாகத் தெருவோவியர்கள் வரைந்துவந்தார்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் தீர்மானித்த உரிமையாளர், 2013 நவம்பரில் ஓர் இரவில், எல்லாவற்றின் மீதும் வெள்ளையடித்துவிட்டார். மதிப்புப் பெற்ற கலைப்படைப்பை அழிப்பதற்கு எதிராக ஓவியரைக் காக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்நாட்டில் உண்டு. கட்டடத்தின் பகுதியாகிவிட்ட, ஆனால் பெயர்த்தெடுக்கக்கூடிய படைப்பாக இருந்தால், 90 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. 45 ஓவியங்களுக்கு, ஒன்றுக்கு 1,50,000 டாலர் வீதம், 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. கட்டடத்தை இடிக்கவே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. இரவோடிரவாகச் செய்ததற்கு விழுந்த தொகை அது.

இந்தியாவில் தாங்கள் அவசியம் படிக்க வேண்டியது, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழங்கிய அமர்நாத் சேகல் வழக்கின் தீர்ப்பு. அது தெருவோவியம் அன்று. டெல்லி விஞ்ஞான் பவனில் மத்திய அரசே கேட்டுச் செய்வித்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம். கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று 1979-இல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பல துண்டுகள் காணாமலும் போயின. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தரும் தார்மிக உரிமை, படைப்பை விற்ற பிறகும் தீராது என்று கூறி, மிஞ்சிய துண்டுகளைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. அனுமதியின்றி வரைந்த தெருவோவியருக்கு இதே பாதுகாப்பு நீளும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் பொதுவிடங்களைச் சிதைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு நிற்கிறது. (எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச் சுவரில் 'இங்கே விளம்பரம் செய்யாதீர்' என்ற எழுத்துகளே பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கேள்வி: இது பிரிட்டனில் மட்டும் நடப்பதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இல்லை. தெருவோவியத்துக்காகவே சுற்றுலாப் பயணிகள் தேடிப்போகும் மெல்போர்ன் நகரின் ஹோசியர் சந்திலேயே, 2010 ஏப்ரலில், பாராசூட்டில் இறங்கும் பேங்க்ஸியின் எலி ஒன்று மாநகராட்சித் துப்புரவுக் குழுவின் வண்ணப்பூச்சில் மறைந்துபோனது. அந்தப் படத்தின் அருமையைக் குழுவினருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அதை நான் நம்புகிறேன். சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறவரின் கையில் எந்த இடத்தைத் தொடக் கூடாது என்ற பட்டியல் இல்லையென்றால், அவர் எல்லாவற்றையும்தான் தொடுவார்.

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்தது வேறு வகை. 2008-இல், ஓஸ் ஜெமியோஸ் என்ற இரட்டைச் சகோதரர்களின் பெரிய ஓவியத்தின் மீது தவறுதலாகச் சாம்பல் நிறம் பூசப்பட்டபோது மாநகராட்சி வருத்தம் தெரிவித்தது. 2017 ஜனவரியில் பதவியேற்ற மேயர் ஜோவாவ் டோரியாவோ, 'அழகிய நகரம்' என்று பெயர் சூட்டிய திட்டத்தில், துப்புரவுப் பணியாளரின் சீருடையை அணிந்து, தாமே சாம்பல் வண்ணத்தைப் பீய்ச்சியடித்து, படப்பிடிப்பாளர்கள் முன் நின்றார். மே 23 நெடுஞ்சாலையோரச் சுவர்களில் அப்படி மறைந்தவற்றில் பல, முந்தைய மேயரின் காலத்தில், அதே மாநகராட்சி அழைத்து வரைவித்தவை! தெரியாமல் அழித்தால் மன்னிப்பு கிடைக்கலாம், தெரிந்து அழித்தால் வாக்கு கிடைக்கலாம் என்ற கணக்கு அரசியலுக்குப் புதிதன்று.

கேள்வி: குறைதான் சொல்கிறீர்கள். முறையாக நடந்துகொண்ட மன்றம் ஒன்றுகூட இல்லையா? (வாசகி, சேலம்)

உண்டு, பேங்க்ஸியின் சொந்த ஊரான பிரிஸ்டல். 2006-இல் அந்நகரின் ஃபிராக்மோர் தெருவில், பாலியல் நல மருத்துவமனையாக இருந்த ஒரு கட்டடச் சுவரில் ஒரு பொய்ச் சன்னல் முளைத்தது. சன்னலுக்கு வெளியே ஓர் ஆண், ஆடையின்றி, ஒற்றைக் கையால் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான்; உள்ளே கோட்டு அணிந்த கணவன் நெற்றியில் கைவைத்து எங்கோ தொலைவில் தேடுகிறான்; பின்னால் மனைவி உள்ளாடையில் நிற்கிறாள். நகர மன்றக் கட்டடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் இது அமைந்திருந்தது. புகாருக்கு இதைவிடத் தோதான படம் வேறு கிடைக்காது. ஆனால் பிரிஸ்டல் மன்றம் வாளியும் தூரிகையும் அனுப்புவதற்கு முன் இணையத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டது. 97 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றார்கள். படம் நிலைத்தது.

முதல் கேள்விக்கு எழுதிய விடையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பிரிஸ்டல் மக்கள் மட்டும் தனி ரசனையோடு பிறந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிடித்தவர் பதில் சொல்ல ஒரு வழி அங்கே திறந்துவைக்கப்பட்டது, அதுவே வேறுபாடு. புகாருக்கு 48 மணி நேரம் கெடு வைக்கும் மன்றம், அந்த 48 மணி நேரத்துக்கு ஒரு புகைப்படத்தையும் ஒரு கேள்வியையும் தன் பக்கத்தில் வெளியிட எவ்வளவு செலவாகும்? ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: மன்றம் காத்த படத்தை ஊரார் எல்லாரும் காத்துவிடவில்லை. 2009-இல் யாரோ நீல வண்ணக் குண்டுகளை அதன்மீது சுட்டுவிட்டுப் போனார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி வெளிச்சுவரில் மாணவர்கள் வரைந்த ஓவியத்தின் மீது, முக்கியப் பிரமுகர் ஒருவர் வருகிறார் என்று, உள்ளாட்சி ஆட்கள் பூச்சு அடித்துவிட்டார்கள். மூடியதை மீட்க முடியுமா? (ஓவிய ஆசிரியர், புதுச்சேரி)

மூடியதா, கழுவியதா என்பதைப் பொறுத்தது. மேலே வேறொரு வண்ணத்தைப் பூசி மூடியிருந்தால் அடியிலிருக்கும் படம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேல் பூச்சும் கீழ் வண்ணமும் வெவ்வேறு வகையாக இருந்தால், மேலதை மட்டும் இளக்கும் கரைப்பானைப் பஞ்சில் நனைத்து, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாக எடுப்பது ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் அறிந்த வேலை. கரைப்பான் கூழைத் தடவி, அழுத்தமான வெந்நீர் பாய்ச்சிக் கழுவியிருந்தால் மீட்க ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சினால் நிழல்தான். 2025 செப்டம்பரில் லண்டன் நீதிமன்ற வளாகச் சுவரில், தரையில் விழுந்து கிடக்கும் போராட்டக்காரரை நீதிபதி ஒருவர் சுத்தியலால் அடிப்பதாகப் பேங்க்ஸி வரைந்தார். பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதன் பழைய தோற்றம் மாறக் கூடாது என்று நீதிமன்ற நிர்வாகம் அதைத் தேய்த்துக் கழுவியது. கழுவி முடித்த பிறகும் இரண்டு உருவங்களும் கருநிழலாகச் சுவரில் தெரிந்தன.

ஸூரிச் நகரில் ஹரால்டு நேகெலி என்பவர் 1970-களின் இறுதியில் கம்பி போன்ற கோடுகளால் சுவர்களில் உருவங்கள் வரைந்ததற்காகச் சிறைக்குச் சென்றார். 1978-இல் அவர் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் வரைந்த நீர்த்தேவதையை 2004-இல் அரசே செலவு செய்து சீர்ப்படுத்தியது. அவ்வளவு காலம் தாங்கள் காத்திருக்கத் தேவை இருக்காது. தங்கள் சுவரில் அடித்தது சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா என்று ஒப்பந்தக்காரரின் ஆட்களிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்கள் எனாமலில் வரைந்து, மேலே வெறும் சுண்ணாம்பு மட்டும் அடித்திருந்தால், ஈரப் பஞ்சும் ஒரு வாரப் பொறுமையும் பெரும்பாலும் போதும். எமல்ஷன் என்றால் தாங்களாகத் தேய்க்க வேண்டாம். எதுவானாலும் ஒரு மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.